எலும்புகளுக்கு ஒரு பொதுப் பதிவேடு: தொல்லியல் மனித எச்சங்களின் இணையத் தரவுத்தளம் எப்படிக் கட்டப்படுகிறது?

லண்டனில் வாழும் எம்மவர் பலர் லிவர்பூல் ஸ்ற்றீற் நிலையத்தில் இறங்கி, ஸ்பிற்றல்பீல்ட்ஸ் சந்தைப் பக்கமாக வேலைக்கு நடந்து போகிறார்கள். அந்தச் சந்தை இருக்கும் நிலத்தில் மத்திய காலத்தில் சென்ற் மேரி ஸ்பிற்றல் என்ற துறவிமடமும், அதனோடு சேர்ந்த நோயாளர் விடுதியும், பெரியதோர் இடுகாடும் இருந்தன. சந்தைப் பகுதியை மீளக் கட்டுவதற்காக 1991 முதல் 2007 வரை நடந்த அகழ்வுகளில் 10,500க்கும் மேற்பட்ட மனித எலும்புக்கூடுகள் வெளிவந்தன. அவற்றில் 5,387 பேருடைய எலும்புகள் ஒவ்வொன்றாக ஆராயப்பட்டு, அதன் முடிவுகள் 2012 இல் நூலாக வெளியாயின.

அகழ்ந்தெடுத்த எலும்பைப் பெட்டியில் இட்டுக் காக்கலாம். மீண்டும் மண்ணுக்குள் அடக்கம் செய்யலாம். எதைச் செய்தாலும் அதற்கு முன் அதைப் பற்றி எழுதி வைக்க வேண்டும். அந்தப் பதிவை அடுத்த நாட்டில் இருக்கும் ஆய்வாளரும் ஐம்பது ஆண்டு கழித்துப் பிறப்பவரும் படித்து விளங்கிக்கொள்ளக் கூடியதாக எழுதுவதற்கே பொதுத் தரவுத்தளம் தேவைப்படுகிறது. கேட்க எளிதாக இருக்கும் இந்த வேலை, செய்து பார்த்தால் மிகக் கடினமானது. அதில் என்னென்ன சிக்கல்கள் உண்டு, உலகம் அவற்றை எப்படித் தீர்த்து வந்திருக்கிறது என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம். மன்னாரையும் செம்மணியையும் நெஞ்சில் சுமக்கும் எமக்கு இது வெறும் பொது அறிவு அல்ல. அதற்கான காரணத்தைக் கட்டுரையின் பிற்பகுதியில் சொல்கிறோம்.

ஒரே முறையில் எழுத வேண்டும் என்ற எண்ணம் எப்படி வந்தது?

ஐக்கிய அமெரிக்காவில் பழங்குடி மக்களின் புதைகுழிகளிலிருந்து எடுக்கப்பட்ட எலும்புகள் பல தலைமுறைகளாக அருங்காட்சியகங்களின் இழுப்பறைகளில் கிடந்தன. அம்மக்களின் நீண்ட போராட்டத்தின் பின் 1990 இல் ஒரு சட்டம் நிறைவேறியது. கூட்டாட்சி அரசின் நிதியைப் பெறும் நிறுவனங்கள் தம்மிடம் இருக்கும் எச்சங்களைக் கணக்கெடுத்து, உரிய சமூகங்களோடு பேசி, அவர்கள் கேட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அச்சட்டம் சொன்னது. கணக்கெடுப்புக்கு ஐந்தாண்டு தவணை கொடுக்கப்பட்டது.

அப்போது ஆய்வாளர்கள் ஓர் உண்மையை எதிர்கொண்டார்கள். எலும்பு திரும்பிப் போனபின் மிஞ்சப்போவது பதிவு மட்டுமே. ஆனால் அந்தப் பதிவுகள் ஆளுக்கொரு விதமாக இருந்தன. ஒருவர் மண்டையோட்டை மட்டும் அளந்திருந்தார். இன்னொருவர் பற்களை மட்டும் பார்த்திருந்தார். மூன்றாமவர் 'நடுவயது ஆண்' என்று ஒரு வரியோடு நிறுத்தியிருந்தார். இந்த நெருக்கடியிலிருந்து பிறந்ததுதான் 1994 இல் ஜேன் பைக்ஸ்ற்ராவும் டக்ளஸ் உபெலேக்கரும் தொகுத்து வெளியிட்ட பதிவு நெறிமுறை நூல். எந்த எலும்பை எப்படி எண்ணுவது, எந்த அளவை எங்கிருந்து எங்கே எடுப்பது, வயதை எந்த அடையாளத்தால் கணிப்பது என்பதையெல்லாம் படிவங்களோடு அது வகுத்துக் கொடுத்தது. ஸ்மித்சோனியன் நிறுவனம் பின்னர் அதே நெறிமுறையைத் தழுவி 'ஒஸ்ரியோவெயார்' என்ற இலவச மென்பொருளை வெளியிட்டது. பிரித்தானிய எலும்பியலாளர்களும் 2004 இல் தமக்கென ஒரு வழிகாட்டியை வெளியிட்டு, 2017 இல் அதைப் புதுப்பித்தார்கள்.

திருப்பிக் கொடுக்க வேண்டிய கடமை வந்ததால்தான் ஒழுங்காக எழுதும் கடமையும் வந்தது என்பது இதில் நாம் கவனிக்க வேண்டியது. சமூகத்தின் உரிமையும் அறிவியலின் தேவையும் ஒன்றுக்கொன்று பகை என்று சிலர் சொல்வார்கள். இங்கே ஒன்றை மற்றது வளர்த்தது.

லண்டனின் தரவுத்தளம்

லண்டன் அருங்காட்சியகம் 2003 இல் வெல்கம் அறக்கட்டளையின் நிதியுதவியோடு மனித எலும்பியலுக்கென ஒரு மையத்தைத் தொடங்கியது. தன்னிடம் இருந்த பல்லாயிரம் எலும்புக்கூடுகளை ஒரே முறையில் பதிந்து, அந்தப் பதிவுகளை இடுகாடு வாரியாக இணையத்தில் வைத்தது. ரோமர் காலம் முதல் 19ஆம் நூற்றாண்டு வரையான லண்டன் மக்களின் உடல்நலத்தைப் படிக்க விரும்பும் ஒரு மாணவர், எலும்பைத் தொடாமலேயே ஆய்வைத் தொடங்க அது வழி செய்தது.

இதனால் கிடைத்த பயனுக்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும்.

முதலாவது, ஈஸ்ற் ஸ்மித்பீல்ட் இடுகாடு. 1348-50 காலத்துப் பெருங்கொள்ளை நோயில் இறந்தவர்களுக்கென்றே திறக்கப்பட்ட இடம் அது. 1980களில் அகழப்பட்டது. அந்த நோய் நல்ல உடல்நிலையில் இருந்தோரையும் நலிந்தோரையும் ஒரே மாதிரிக் கொன்றதா என்று கேட்டவர்கள், அங்கே கிடந்தவர்களின் எலும்புகளை, நோய் வருவதற்கு முன் டென்மார்க்கில் அடக்கமானவர்களின் எலும்புகளோடு ஒப்பிட்டார்கள். ஏற்கெனவே நலிவுற்றிருந்தவர்களே கூடுதலாக மாண்டார்கள் என்ற முடிவு 2008 இல் வெளியானது. இரு நாட்டு எலும்புகளும் ஒரே அளவுகோலில் பார்க்கப்பட்டதால்தான் அந்த ஒப்பீடு நடந்தது. 2011 இல் அதே இடுகாட்டின் பற்களிலிருந்து கொள்ளை நோய்க் கிருமியின் முழு மரபணுத் தொகுதியும் மீட்கப்பட்டது.

இரண்டாவது, மேலே சொன்ன சென்ற் மேரி ஸ்பிற்றல். அங்கே பலரைச் சேர்த்துப் புதைத்த குழிகள் இருந்தன. கூட்டுக்குழி என்றதும் அதே கொள்ளை நோயைத்தான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். காபன்-14 காலக்கணிப்போ பெரும் குழிகளை 13ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குக் கொண்டுபோனது. அதாவது கொள்ளை நோய்க்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன். 1257 இல் இந்தோனேசியாவின் லொம்பொக் தீவில் வெடித்த எரிமலையும் அதைத் தொடர்ந்த குளிரும் பஞ்சமும் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் எண்ணினார்கள். எந்தக் குழியில் எந்த எலும்புக்கூடு எந்த மட்டத்தில் கிடந்தது என்று பதிவில் இருந்திராவிட்டால், அந்தக் காலக்கணிப்பை முழு இடுகாட்டோடு பொருத்தியே பார்த்திருக்க முடியாது.

ஒரு பதிவில் என்ன இருக்க வேண்டும்?

முதலில் அடையாளம். லண்டனில் ஒவ்வோர் அகழ்விடத்துக்கும் ஒரு குறியீடு உண்டு. ஈஸ்ற் ஸ்மித்பீல்ட் 'எம்.ஐ.என். 86'. பழைய அரச நாணயச்சாலை நிலத்தில் 1986 இல் தொடங்கிய அகழ்வு என்பது அதன் பொருள். அந்தக் குறியீட்டோடு, மண்ணில் கிடந்த இடத்துக்குக் கொடுக்கப்பட்ட எண்ணும் சேரும்போது, உலகில் அந்த ஒருவருக்கு மட்டுமே உரிய ஓர் எண் கிடைக்கிறது. பெட்டி, வரைபடம், ஒளிப்படம், பல் மாதிரி, ஆய்வுகூட முடிவு எல்லாவற்றிலும் அதே எண் இருக்க வேண்டும். எண் பிசகினால் பின்னால் வரும் எந்த நவீனக் கருவியாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

அடுத்தது இருப்புக் கணக்கு. எந்தெந்த எலும்புகள் உள்ளன, ஒவ்வொன்றிலும் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பது. பலருடைய எலும்புகள் கலந்து கிடந்தால் 'குறைந்தது எத்தனை பேர்' என்று கணக்கிடுவார்கள். மூன்று இடது தொடை எலும்புகள் இருந்தால் குறைந்தது மூன்று பேர். செய்திகளில் வரும் 'இத்தனை எலும்புக்கூடுகள்' என்ற எண்ணுக்குப் பின்னால் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது என்பதை நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

மூன்றாவது வயதும் பாலும். வளர்ந்தவர்களின் வயதைப் பெரும்பாலும் இடுப்பெலும்பின் மூட்டுப் பரப்புகள் தேய்ந்து மாறும் விதத்தைக் கொண்டு கணிக்கிறார்கள். சிறுவர்களுக்குப் பல் வளர்ச்சியே நம்பகமான வழிகாட்டி. பாலைப் பெரும்பாலும் இடுப்பெலும்பும் மண்டையோடும் சொல்கின்றன. 'ஆண்', 'பெண்' என்ற இரு கட்டங்கள் போதாது. 'ஆணாக இருக்கலாம்', 'பெண்ணாக இருக்கலாம்', 'தெளிவில்லை', 'பார்க்க இயலவில்லை' என்ற கட்டங்களும் வேண்டும். பருவமடையாச் சிறுவர்களின் எலும்பை மட்டும் பார்த்துப் பாலைச் சொல்வது நம்பத்தக்கதல்ல.

நான்காவது நோயும் காயமும். கண்குழியின் மேற்கூரையில் காணும் துளைகள் குருதிச்சோகையோடு தொடர்புடையவையாக இருக்கலாம். காசநோய் முதுகெலும்பை அரிக்கும். பிள்ளைப் பருவத்தில் பட்டினியோ கடும் நோயோ வந்தால், அப்போது வளர்ந்துகொண்டிருந்த பல்லின் எனாமலில் கோடு விழுந்து, சாகும் வரை அழியாமல் இருக்கும். எலும்பு முறிவு ஆறத் தொடங்கியிருந்தால் அது உயிரோடு இருந்தபோது ஏற்பட்டது. ஆறியதற்கான அடையாளம் இல்லாவிட்டால் இறப்பை ஒட்டியோ, பின்னர் மண்ணுக்குள்ளோ முறிந்திருக்கலாம். இவற்றைப் பிரித்தறிவது அனுபவமுள்ளவரின் வேலை. அதனால் பதிவில் பார்த்தவர் யார், எந்த நாளில் பார்த்தார் என்பதும் இருக்க வேண்டும்.

வெற்றிடமும் இல்லை என்பதும் ஒன்றல்ல

தரவுத்தளம் கட்டுவோர் அடிக்கடி சறுக்கும் இடம் இது. ஓர் இடுகாட்டில் 100 பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கண்குழித் துளைகள் 20 பேரிடம் காணப்பட்டன. நூற்றுக்கு இருபது என்று எழுதிவிடலாமா? அந்த 100 பேரில் 40 பேருக்குத்தான் கண்குழி எலும்பு மிஞ்சியிருந்தது என்றால், பார்க்க முடிந்தவர்களில் பாதிப்பேரிடம் அது இருந்தது. இருபது வீதமும் ஐம்பது வீதமும் இரண்டு வேறு சமூகங்களின் கதைகள்.

எனவே ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று விடைகள் இருக்க வேண்டும்: இருந்தது, பார்த்தோம் இல்லை, பார்க்க எலும்பே இல்லை. வெறுமனே விடப்பட்ட ஒரு கட்டம் இவற்றில் எதைச் சொல்கிறது என்று பிறகு எவராலும் சொல்ல முடியாது. எக்செல் அட்டவணையில் தொடங்கும் பல முயற்சிகள் இதனாலேயே பத்தாண்டில் பயனற்றுப் போகின்றன.

இரண்டு ஏடுகளைச் சேர்க்கும்போது

ஒரே நிறுவனத்துக்குள் ஒழுங்காக எழுதுவது ஒரு படி. பல நாடுகளின் பதிவுகளைச் சேர்ப்பது அடுத்த படி. அங்கே சின்னச் சின்ன வேறுபாடுகள் பெரிய குழப்பத்தைத் தரும்.

வயதை எடுப்போம். 1994 நெறிமுறையில் வளர்ந்தோர் மூன்று பிரிவு: 20 முதல் 35, 35 முதல் 50, 50க்கு மேல். லண்டன் தரவுத்தளத்தில் நான்கு பிரிவு: 18 முதல் 25, 26 முதல் 35, 36 முதல் 45, 46க்கு மேல். 48 வயதில் இறந்த ஒருவர் முதலாவதில் நடுப்பிரிவில் இருப்பார், இரண்டாவதில் கடைசிப் பிரிவுக்குப் போய்விடுவார். இரண்டு அட்டவணைகளையும் ஒட்டிவிட்டு 'லண்டனில் முதியோர் கூடுதல்' என்று எழுதினால் அது மக்களின் கதை அல்ல, கட்டம் போட்டவரின் கதை.

பல்லுக்கு வருவோம். அமெரிக்க முறையில் பற்களுக்கு 1 முதல் 32 வரை எண். உலகின் பல நாடுகளின் பல் மருத்துவர்கள் கையாளும் முறையில் தாடையின் ஒவ்வொரு கால்பகுதிக்கும் ஓர் இலக்கமும் பல்லுக்கு ஓர் இலக்கமும் சேர்ந்து இரட்டை இலக்கம். '16' என்று எழுதியிருந்தால், இரட்டை இலக்க முறையில் அது மேல்தாடை வலப்பக்க முதலாம் கடைவாய்ப் பல். அமெரிக்க முறையில் அதே எண் மேல்தாடை இடப்பக்க ஞானப் பல். எந்த முறை என்று எழுதாமல் விட்டால், சூத்தைப் பல் வாயின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தாவிவிடும்.

இதற்கு மூன்று தீர்வுகள் உண்டு. ஒன்று, முடிவை மட்டும் எழுதாமல் பார்த்ததையும் எழுதுவது. 'நடுவயது' என்பது முடிவு. இடுப்பெலும்பின் இன்ன பரப்பு இன்ன படிநிலையில் இருந்தது என்பது பார்த்தது. நாளை வயதுக் கணிப்பு முறை திருத்தப்பட்டாலும், பார்த்தது இருந்தால் மீளக் கணக்கிடலாம். இரண்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் எண்ணுக்கும் பொருள் சொல்லும் அகராதியைத் தரவுத்தளத்தோடு சேர்த்தே வெளியிடுவது. மூன்று, திருத்தம் செய்யும்போது பழைய பதிவை அழிக்காமல் யார், எப்போது, ஏன் திருத்தினார் என்று விட்டுவைப்பது.

இவ்வாறு சேர்த்துப் பெரிய அளவில் செய்து காட்டியவர்களும் இருக்கிறார்கள். பொருளியல் வரலாற்றாளர் ரிச்சர்ட் ஸ்ரெக்கலும் அவரோடு சேர்ந்தவர்களும் அமெரிக்கக் கண்டங்களின் 65 இடங்களிலிருந்து 12,520 பேரின் எலும்புப் பதிவுகளைத் திரட்டி 2002 இல் நூலாக்கினார்கள். பின்னர் ஐரோப்பாவில் 100க்கும் மேற்பட்ட இடங்களிலிருந்து 15,000க்கும் மேற்பட்டோரின் பதிவுகளைச் சேர்த்தார்கள். அந்த இரண்டாவது முயற்சியில் பலரையும் ஒரே பதிவு நெறியில் பயிற்றுவிப்பதே பெரிய வேலையாக இருந்தது. கணினி வேலை அதற்குப் பின்தான்.

யார் காப்பது?

இணையத்தில் வைத்துவிட்டால் நிலைத்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் ஓலைச்சுவடியை விட இணையத்தளம் விரைவில் அழியும். ஆய்வுத் திட்டத்துக்கு மூன்று அல்லது ஐந்து ஆண்டு நிதி கிடைக்கும். நிதி முடிந்ததும் பராமரிக்க ஆள் இருக்காது. மென்பொருள் பழையதாகும். பிறகு முகவரியைத் தட்டினால் வெற்றுப் பக்கம் வரும்.

இதனால்தான் காப்பகம் என்ற தனி நிறுவனம் வேண்டியிருக்கிறது. பிரித்தானியாவில் யோர்க் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 1996 முதல் இயங்கும் தொல்லியல் தரவுச் சேவை அத்தகையது. அகழ்வு முடிந்த பின் எண்ணிமப் பதிவுகளை வாங்கி, எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய எளிய வடிவத்துக்கு மாற்றி, மாறாத முகவரி கொடுத்து வைக்கிறது. பதிவை உருவாக்குபவரும் அதைக் காப்பவரும் வேறு வேறாக இருப்பதும், ஒரே பதிவு ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் இருப்பதும் நல்லது. நூலகம் எரிந்ததைக் கண்ட எமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

யார் பார்ப்பது?

எல்லாவற்றையும் எல்லோருக்கும் திறந்துவிடலாமா? கூடாது. இவை ஓட்டுத் துண்டுகள் அல்ல, மனிதர்கள். உலகத் தொல்லியல் மாநாட்டினர் 1989 இல் அமெரிக்காவின் வெர்மில்லியனில் கூடி ஏற்றுக்கொண்ட உடன்பாடு, இறந்தவருக்கும் அவருடைய சமூகத்தின் விருப்பத்துக்கும் மதிப்புக் கொடுக்க வேண்டும் என்பதோடு ஆய்வின் பெறுமதியையும் மதிக்க வேண்டும் என்றது. 2019 இல் பழங்குடித் தரவு உரிமைக்கான உலகக் கூட்டமைப்பு வெளியிட்ட கோட்பாடுகள் இன்னும் ஒரு படி மேலே போயின. தரவிலிருந்து சமூகத்துக்குப் பயன் வர வேண்டும், தரவின் மீது அதிகாரம் சமூகத்துக்கு இருக்க வேண்டும், வைத்திருப்போர் பொறுப்புக் கூற வேண்டும், அறம் பேணப்பட வேண்டும் என்பவை அவை.

நடைமுறையில் மூன்று அடுக்குகள் அமைக்கலாம். எத்தனை பேர், எந்தக் காலம், எங்கே காக்கப்படுகிறார்கள், ஆய்வு முடிந்ததா என்ற சுருக்கம் எல்லோருக்கும். அளவுகள், நோய்க் குறிகள், பல் விபரங்கள் பதிவு செய்துகொண்ட ஆய்வாளர்களுக்கு. ஒளிப்படங்கள், மரபணுத் தரவுகள், புதைகுழியின் துல்லியமான இடம் என்பவை சமூகத்தின் இணக்கத்தோடு கேட்பவர்களுக்கு மட்டும். இடத்தை வெளிப்படையாகப் போட்டால் திருடர்கள் தோண்டிவிடுவார்கள். மனித எலும்புகள் சமூக வலைத்தளங்களில் விற்கப்படும் காலம் இது.

ஆனால் மறைப்பதும் ஓர் அநீதி ஆகலாம். அமெரிக்காவில் சட்டம் வந்து முப்பது ஆண்டு கடந்த பின்னரும் 110,000க்கும் மேற்பட்ட பழங்குடி மூதாதையரின் எச்சங்கள் நிறுவனங்களிடமே இருந்தன. 2023 இல் புரோபப்ளிக்கா என்ற செய்தி நிறுவனம் அரசின் அறிவித்தல்களையும் கணக்கெடுப்புகளையும் திரட்டி, எந்த நிறுவனத்தில் எத்தனை பேர் என்று எவரும் தேடிப் பார்க்கும் தரவுத்தளமாக இணையத்தில் போட்டது. அங்கே எலும்பின் படம் ஒன்றுகூட வேண்டியிருக்கவில்லை. எண்ணும் இடமும் போதுமாயிருந்தன. பெயர் சொல்லிக் கேட்க முடிந்ததும் பல நிறுவனங்கள் பதில் சொல்ல வேண்டிய நிலைக்கு வந்தன.

எமது மண்ணின் பழைய எலும்புகள்

தமிழர் தொல்லியலில் இந்தத் தேவை எவ்வளவு பெரியது என்பதற்கு ஆதிச்சநல்லூர் ஒன்றே போதும். 1876 இல் ஜேர்மானியர் ஜாகோர் அங்கே அகழ்ந்தவை பெர்லினுக்குப் போயின. 1899 முதல் அலெக்சாண்டர் ரீ எடுத்தவை சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. அந்த மண்டையோடுகளைப் பற்றி சுக்கர்மேன் 1930 இல் எழுதினார். 2004-05 இல் இந்தியத் தொல்லியல் துறை மீண்டும் அகழ்ந்து 150க்கும் மேற்பட்ட தாழிகளைக் கண்டது. ஒரே இடுகாட்டின் மக்கள் நகரங்களாலும் நூற்றாண்டுகளாலும் அளவுகோல்களாலும் பிரிந்து கிடக்கிறார்கள். கீழடியை அடுத்த கொந்தகையின் எலும்புகளை அவர்களோடு ஒப்பிட வேண்டுமானால், முதலில் எல்லோரையும் ஒரே ஏட்டில் எழுத வேண்டும்.

பழைய அறிக்கைகளைத் தரவுத்தளத்தில் ஏற்றும்போது இன்னொரு எச்சரிக்கை. அக்கால ஆய்வாளர்கள் மண்டையோட்டை அளந்து இனப்பெயர் சூட்டினார்கள். அந்த வகைப்பாடு இன்று அறிவியல் அல்ல. அவர்கள் எடுத்த அளவைத் தரவாக வைத்துக்கொள்ளலாம். சூட்டிய பெயரை 'அவர் இப்படி எழுதினார்' என்ற வரலாற்றுக் குறிப்பாக மட்டுமே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நூறாண்டு பழைய தப்பெண்ணம் கணினியின் துணையோடு மீண்டும் உயிர்பெறும்.

ஈழத்திலும் அப்படியே. பொம்பரிப்புத் தாழிக்காட்டில் 1970 இல் எடுக்கப்பட்ட எலும்புகள் பற்றிய ஆய்வு 1981 இல் வெளியானது. ஆனைக்கோட்டையில் 1980களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழுவினர் கண்ட ஈமக்குழியிலிருந்து கிடைத்த பிராமி எழுத்து முத்திரை எம்மில் பலருக்குத் தெரியும். அந்த முத்திரையோடு கிடந்த மனிதர் எத்தனை வயதில் இறந்தார், என்ன உண்டார், பல் எப்படி இருந்தது என்று நாம் கேட்டதே குறைவு.

2019 இல் எடின்பரோ பல்கலைக்கழகம் இலங்கையின் வேடர் சமூகத்தைச் சேர்ந்த ஒன்பது மண்டையோடுகளை அச்சமூகத்தின் தலைவரிடம் கையளித்தது. அவர்கள் 200 ஆண்டுகளுக்கு மேற்பட்ட மூதாதையர். எங்கே, யாருடைய எச்சம் இருக்கிறது என்பது எழுத்தில் இருந்தால்தான் கேட்பவருக்கும் கேட்க முடியும், கொடுப்பவருக்கும் கொடுக்க முடியும்.

மன்னாரும் செம்மணியும்

இனி நாம் தொடக்கத்தில் சொன்ன காரணத்துக்கு வருவோம். 2018 இல் மன்னார் நகரில் சதொச கட்டட வேலையின்போது வெளிப்பட்ட புதைகுழியில் 300க்கும் மேற்பட்டவர்களின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. சிறுவர்களும் அவர்களில் இருந்தார்கள். 2019 தொடக்கத்தில் ஆறு எலும்பு மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடாவில் உள்ள ஆய்வுகூடத்துக்கு அனுப்பப்பட்டன. அவை கி.பி. 1404 முதல் 1635 வரையான காலத்தவை என்ற முடிவு வந்தது. காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள் அதை ஏற்கத் தயங்கி மேலதிக ஆய்வைக் கோரின.

இங்கே அறிவியல் என்ன சொல்கிறது என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் வளிமண்டலத்தில் காபன்-14 ஏறத்தாழ இரு மடங்காயிற்று. அதற்குப் பின் வாழ்ந்தவரின் உடலில் அதன் தடயம் இருக்கும். கடல்மீன் மிகுதியாக உண்டவரின் எலும்பு உண்மையை விடச் சில நூற்றாண்டு பழையதாகக் காட்டலாம் என்பதும் உண்மை. ஆனால் அந்த ஒரு காரணத்தால் 1990களில் இறந்தவர் 15ஆம் நூற்றாண்டவராக மாறிவிட மாட்டார். அதேவேளை, ஆறு மாதிரிகளின் முடிவு 300 பேருக்கும் பொருந்துமா என்பது நியாயமான கேள்வி. அதற்கு விடை அந்த ஆறு மாதிரிகளும் எந்த ஆறு பேருடையவை, அவர்கள் எந்த மட்டத்தில், எவர் மேல் எவர் கிடந்தார்கள், குழி ஒரே நாளில் நிரம்பியதா பல காலத்தில் நிரம்பியதா என்பதில் இருக்கிறது. சென்ற் மேரி ஸ்பிற்றலில் இதே கேள்விக்குப் பதிவேட்டைக் கொண்டு விடை தேடினார்கள். ஓர் ஆண்டுக்கணக்கை மட்டும் கையில் கொடுத்தால் அது விடையாகாது. நம்பச் சொல்வதும் நம்ப மறுப்பதும்தான் மிஞ்சும்.

செம்மணி வேறு. 2025 இல் சித்துப்பாத்தி மயானத்தில் வெளிப்பட்டு, 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்ட அந்த இடம் நீதிமன்றத்தின் கீழ் உள்ள குற்றவியல் விசாரணை. பாடசாலைப் புத்தகப்பையும் குழந்தையின் பால்போத்தலும் பொம்மையும் கிடந்த மண் அது. அங்கே கிடந்தவர்களை எதிர்பார்த்து உயிரோடு இருக்கும் தாய்மார் உண்டு. அவர்களுடைய பதிவுகள் தொல்லியல் தரவுத்தளத்துக்குப் போகக் கூடாது. சான்றாக நீதிமன்றத்தின் காப்பில் இருக்க வேண்டும்.

ஆனால் எழுதும் மொழி ஒன்றுதான். எண், மட்டம், இருப்புக் கணக்கு, வயது, பல், முறிவு எல்லாம் தொல்லியலுக்கும் சட்ட மருத்துவத்துக்கும் பொது. இலங்கையில் இத்தகைய குழிகளில் தொல்லியலாளரும் சட்ட மருத்துவ அதிகாரியும் அருகருகே நின்று வேலை செய்கிறார்கள். பழைய எலும்பைப் பொது நெறியில் எழுதப் பழகிய நாட்டில்தான் புதிய எலும்பும் ஒழுங்காக எழுதப்படும். எது பழையது எது புதியது என்று மக்கள் நம்பும்படி சொல்லவும் அங்கேதான் முடியும்.

நாம் என்ன செய்யலாம்?

புலம்பெயர்ந்த எமது பிள்ளைகளில் தரவு வேலை தெரிந்தவர்களும் பல் மருத்துவர்களும் எலும்பு மருத்துவர்களும் நிறைய இருக்கிறார்கள். தொல்லியல் படிப்போரும் மெல்ல வருகிறார்கள். பழைய அறிக்கைகளைத் திரட்டி, 1994 நெறிமுறைக்கு இணையான தமிழ்ச் சொல்லகராதி ஒன்றை ஆக்குவது அவர்கள் சேர்ந்தால் முடியக்கூடிய வேலை. தமிழில் படிவம் இருந்தால்தான் ஊரில் குழிக்குள் இறங்கும் மாணவரும், வெளியே காத்திருக்கும் குடும்பமும் ஒரே பதிவைப் படிக்க முடியும்.

எந்த அகழ்வைப் பற்றிய செய்தி வந்தாலும் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் ஐந்து. ஒவ்வொருவருக்கும் தனி எண் உண்டா? பார்த்ததும் முடிவும் வேறு வேறாக எழுதப்பட்டனவா? மாதிரி எந்த எண்ணுக்குரியவரிடமிருந்து எடுக்கப்பட்டது? பதிவின் பிரதி எத்தனை இடத்தில், யாருடைய காப்பில் இருக்கிறது? சமூகத்துக்கு எப்போது, எந்த மொழியில் சொல்லப்படும்?

காணாமல் போன உறவு உள்ள வீடுகளுக்கு இன்னும் ஒரு வேலை இருக்கிறது. அவருடைய உயரம், எந்தக் கையோ காலோ எந்த வயதில் முறிந்தது, எந்தப் பல் பிடுங்கப்பட்டது, சிரிக்கும்போது தெரியும் பல் எப்படி இருக்கும் என்பவற்றை, தெரிந்த மூத்தவர்கள் இருக்கும்போதே எழுதி, நாளும் பெயரும் இட்டு, பல்வரிசை தெரியும் படம் ஒன்றோடு இரண்டு இடத்தில் வைத்துவிடுங்கள். எலும்பின் பக்கத்துப் பதிவை எழுதுவோர் வேறு யாரோ. வீட்டின் பக்கத்துப் பதிவை எம்மைத் தவிர வேறு யாரும் எழுத மாட்டார்கள்.